பக்கத்து வீட்டில் பில்லே இல்லை, எதிர் வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது: கடலோரத்தில் சோலார் கணக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: கடலிலிருந்து சுமார் 300 மீட்டரில் புறநகர் வீடு, மாதம் 400 யூனிட் செலவு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். முதலில் 3 கிலோவாட் சோலார் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் பில்லே கிட்டத்தட்ட இல்லை என்கிறார். அதே 3 கிலோவாட்டை நான்கு வருஷம் கழித்துப் போட்ட எதிர் வீட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது என்று புலம்புகிறார். விற்க வந்தவர் உங்களுக்கு 5 கிலோவாட் போடச் சொல்கிறார். சோலார் நல்லதா என்று நீங்கள் கேட்டிருந்தாலும், உண்மையில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். ஒரே தெருவில், ஒரே வெயிலில், ஒரே அளவு பேனலுக்கு ஏன் இரண்டு கணக்கு? உப்புக்காற்று இதையெல்லாம் தின்றுவிடாதா? இருபது வருஷத்துக்கு மேலாகக் கடலோர வீடுகளில் இந்த வேலையைச் செய்து வருகிறேன், அதில் கணிசமான பகுதி மற்றவர்களும் நானும் செய்த தவறுகளைக் கழற்றி மாட்டியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வீட்டுக்காரர்களும் பொய் சொல்லவில்லை. நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். மேகம் அதிகமுள்ள, சூரியன் தாழ்வாகவே போகிற நாடுகளில் இது 3-க்குக் கீழே இறங்கும். 4 என்று வைத்தால் 3 கிலோவாட்டுக்கு நாளைக்கு 12, மாதத்துக்கு 360 யூனிட். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட காலத்தில் நெட் மீட்டரிங் இருந்திருக்கும்: பகலில் நீங்கள் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டும் ராத்திரி நீங்கள் வாங்கும் ஒரு யூனிட்டும் சமம், மீட்டர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். அப்போது யார் எப்போது கரண்ட் எடுத்தார்கள் என்பது பொருட்டே இல்லை. அவர் வீட்டிலும் உங்களைப்போல மாதம் 400 யூனிட் என்று வைத்தால், 400-ல் 360 போக மீதி 40 யூனிட்டும் நிலைக்கட்டணமும்தான். பில்லே இல்லை என்று அவர் சொல்வதில் என்ன தப்பு?

எதிர் வீட்டுக்காரர் வந்த நேரத்தில் விதி மாறியிருக்க வேண்டும். இது உங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. பேனல் பெருகப் பெருகப் பல இடங்களில் நெட் மீட்டரிங்கைச் சுருக்கி, வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலை கொடுக்கும் நெட் பில்லிங்குக்கு மாறியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலில் வந்த மாற்றம் புதிதாக இணைபவர்களின் ஏற்றுமதி விலையைச் சராசரியாக முக்கால்வாசி வெட்டியது, அதற்கு முன்பே இணைந்தவர்கள் பழைய விதியிலேயே தொடர்ந்தார்கள். ஜெர்மனியில் 2000-ல் வந்த சட்டம் சூரிய மின்சாரத்துக்கு 20 வருஷ உறுதி விலை கொடுத்தது, பின்னால் வந்தவர்களுக்கு அந்த விலை படிப்படியாகக் குறைந்துகொண்டே போனது. ஒரே தெருவில் முன்னே வந்தவருக்கு ஒரு கணக்கு, பின்னே வந்தவருக்கு இன்னொன்று என்பது பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

இப்போது எதிர் வீட்டுக் கணக்கை, அங்கும் மாதம் 400 யூனிட் என்றே வைத்து, போட்டுப் பார்ப்போம். வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, நீங்கள் வாங்கும் விலையில் கால்பங்குதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பகலில் யாரும் இல்லை. ஃபிரிட்ஜ், வைஃபை, எப்போதும் சொருகியிருக்கும் சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து பகலில் மாதம் 80 யூனிட் தின்னும். 360-ல் 80 உள்ளேயே போயிற்று, 280 வெளியே போயிற்று. அந்த 280-க்கு மதிப்பு 70 யூனிட். மொத்தம் 150. மாதம் 400-ல் 150 என்றால் 37 சதவீதம், அவர் சொன்ன மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய இதுதான். அதே விதியில், பகலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவரோ வயதானவர்களோ இருந்து, சூரியன் இருக்கும் நேரத்தில் 200 யூனிட் ஓடும் வீடு என்றால்? 200 உள்ளே, 160 வெளியே, அதன் மதிப்பு 40. மொத்தம் 240, அதாவது 60 சதவீதம். பேனல் அதே, கூரை அதே. உங்கள் சேமிப்பை உண்மையில் தீர்மானிப்பது மொட்டை மாடி இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான்.

5 கிலோவாட் யோசனைக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. உங்கள் வீடு எதிர் வீட்டைப் போலத்தான். 5 கிலோவாட் போட்டால் மாதம் 600 யூனிட் வரும், உள்ளே போவது 80-லிருந்து அதிகபட்சம் 90 ஆகலாம், மீதி 510 வெளியே, மதிப்பு 127. மொத்தம் 217. ஆக, கூடுதலாகப் போட்ட 2 கிலோவாட் கொடுத்தது 67 யூனிட்தான். முதல் 3 கிலோவாட்டில் ஒவ்வொரு கிலோவாட்டும் 50 யூனிட் சம்பாதித்தது, அடுத்த இரண்டும் ஆளுக்கு 33. சில இடங்களில் வருஷத்தில் நீங்கள் செலவழித்ததைவிடக் கூடுதலாக அனுப்பினால் அந்தக் கூடுதலுக்கு ஒன்றுமே தருவதில்லை, அங்கே இன்னும் மோசம். இதற்குப் பதில் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், இஸ்திரி இவற்றில் மாதம் 60 யூனிட்டை ராத்திரியிலிருந்து பகலுக்கு நகர்த்தினால், நகர்ந்த ஒவ்வொரு யூனிட்டிலும் முக்கால்பங்கு லாபம். அதாவது 45 யூனிட், ஒரு டைமர் செலவில். விற்க வருபவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார். அவருக்கு டைமர் விற்று என்ன கிடைக்கும்?

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டணம் படிநிலையாக, கூடுதலாக எடுக்க எடுக்க யூனிட் விலை ஏறுகிற இடமாக இருந்தால் சோலார் முதலில் வெட்டுவது மேல் படியை, அதாவது விலை கூடிய யூனிட்டுகளை. அப்போது பணத்தில் சேமிப்பு நான் சொன்ன சதவீதத்தைவிடக் கூடும். கீழ்ப்படியில் சலுகை விலையில் ஓடுகிற சின்ன வீடுகளுக்கு இதே காரணத்தால் சேமிப்பு ரொம்பக் குறைவாகத்தான் தெரியும். மாதம் நூறு யூனிட் ஓடும் வீட்டுக்காரர்கள் சிலரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சரி, கடல். இதில் பயப்படுகிறவர்கள் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பேனலின் முகம் கண்ணாடி, உப்பு அதை ஒன்றும் செய்யாது. தொழிலில் நுழைந்து சில வருஷங்களில், கடலைப் பார்த்த முதல் வரிசை வீடு ஒன்றில் நானே மாட்டிய பேனல்களைப் பார்க்க நாலு வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள், உற்பத்தி குறைந்துவிட்டதாம். மேலே ஏறிப் பார்த்தால் பேனல்கள் புத்தம் புதிதுபோல மின்னுகின்றன. நடுவில் இருக்கும் கிளாம்பைப் பிடித்து லேசாக அசைத்தேன், போல்ட்டின் தலை சிவப்புப் பொடியாகக் கையோடு வந்தது. எர்த் கம்பி என்று வெறும் செப்புக் கம்பியை அலுமினிய ஃபிரேமில் நேராக வைத்து முறுக்கியிருந்தேன். அந்த இடத்தில் அலுமினியம் சுண்ணாம்பு பூத்தமாதிரி வெள்ளைத் தூளாகிக் கிடந்தது, எர்த்திங்கே இல்லாத நிலை. செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். படித்ததுதான், ஆனால் மாடியில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. உற்பத்தி குறைந்ததற்குக் காரணம் வேறு: ஒரு கனெக்டருக்குள் உப்பு ஈரம் புகுந்து கருகியிருந்தது. ஆண் கனெக்டர் ஒரு கம்பெனி, பெண் கனெக்டர் வேறு கம்பெனி, பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால் சொருகிவிட்டிருந்தேன். அதையும் மாட்டியது நான்தான்.

அதனால் கடலோரத்தில் நீங்கள் விலை பேச வேண்டியது பேனலைவிடச் சின்னச் சாமான்களைப் பற்றி. போல்ட், நட்டு, கிளாம்பு போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்வார்கள், எந்த ரகம் என்று கேளுங்கள். 304 கடல் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், 300 மீட்டரில் நான் 316 இல்லாமல் போடமாட்டேன். பேனலைத் தாங்கும் சட்டம் இரும்பென்றால் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸாக இருக்க வேண்டும், அதை மாடிக்குக் கொண்டுவந்து வெட்டித் துளைபோட்டு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும், துருவும் அங்கேதான் தொடங்கும். எர்த் கம்பியின் முனையில் மாட்டும் லக், வெள்ளீயம் பூசியதாகவோ இரட்டை உலோகமாகவோ இருக்கட்டும். பேனலுக்கு ஐஇசி 61701 என்ற உப்பு மூடுபனிச் சோதனை உண்டு, சான்றிதழையும் அதில் குறிப்பிட்ட கடுமை நிலையையும் வாங்கிப் பாருங்கள். கூடவே வாரண்டித் தாளை முழுசாகப் படியுங்கள், கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் போட்டால் பொறுப்பில்லை என்று சில கையேடுகளில் உள்ளே எங்கோ எழுதியிருக்கும். பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை மாடியில் காற்று நேராக அடிக்கிற சுவரில் மாட்ட விடாதீர்கள். ஃபேன் வைத்துக் குளிரவைக்கும் ரகம் அந்த உப்பை உறிஞ்சித் தன் வயிற்றுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். ஃபேன் இல்லாத ரகமாக, நிழலான, காற்றோட்டமுள்ள, ஆனால் கடலுக்கு முதுகு காட்டிய சுவரில் வையுங்கள்.

உப்புப் படலத்தால் எவ்வளவு மின்சாரம் போகும் என்பதற்கு ஒரே எண் கிடையாது, யாராவது ஒன்றைச் சொன்னால் நம்பாதீர்கள். அடிக்கடி மழை பெய்கிற கடற்கரையில் மழையே கழுவிவிடும், வறண்ட மாதங்களில் படலம் தடித்துப் புழுதியும் ஒட்டிக்கொள்ளும். காகமும் கடற்பறவையும் போடுகிற எச்சம்தான் எனக்குப் பெரிய தலைவலி, பேனலில் தெரியும் கட்டங்களில் ஒன்றை, அதாவது ஒரு செல்லை மட்டும் மறைத்துவிட்டால் அந்த இடம் சூடாகி, பேனலின் மூன்றில் ஒரு பகுதியே வேலை செய்யாமல் போகும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. போர் தண்ணீரை அடித்துக் கழுவி, காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு திட்டாகப் படிய வைத்து, முன்பைவிட மோசமாக்கிய வீடுகள் ஏராளம். மழைநீரோ நல்ல தண்ணீரோ பயன்படுத்துங்கள். பேனலைப் படுக்கையாக வைக்காமல் குறைந்தது 10 டிகிரியாவது சாய்த்தால் மழை தானாக வழித்துக்கொண்டு போகும்.

கடற்காற்றில் ஒரு நன்மையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பேனலின் வாட் அளவு, செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. உண்மையில் 35 டிகிரி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் போகும், மொத்தத்தில் 10-லிருந்து 14 சதவீதம். காற்று அடியில் நன்றாக ஓடி 5 டிகிரி குறைந்தால் ஒன்றரை, இரண்டு சதவீதம் திரும்பி வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் உப்பு தின்பதில் கொஞ்சத்தைக் காற்றே ஈடுகட்டுகிறது.

அந்தக் காற்று புயலாக வரும்போதுதான் பேச்சு வேறு. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்கு 108 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். இப்போது வரும் 550 வாட் பேனல் சுமார் 2.6 சதுர மீட்டர், ஆக ஒரு பேனலுக்கு 280 கிலோ. தூக்கும் விசை அதில் பாதிதான் என்றாலும், பேனலின் எடை சுமார் 30 கிலோதான், எத்தனை பேனலோ அத்தனை பட்டம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மாடி ஓரத்திலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம், அதனால் விளிம்பிலிருந்து இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். கீழே நடமாட வசதியாக எட்டடி உயரத்தில் பந்தல் போலக் கட்டித் தருகிறேன் என்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடலோரத்தில் அதைக் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் கட்டக் கூடாது. பேனல் 2400 பாஸ்கல் அழுத்தம் தாங்கும் என்று தாளில் போட்டிருப்பது பேனலைப் பற்றியது, உங்கள் தளத்தில் இறங்கியிருக்கும் நங்கூர போல்ட்டைப் பற்றியது இல்லை.

புயல் என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது, ஊரே இருட்டானாலும் நம் வீட்டில் விளக்கு எரியும் என்று. எரியாது. வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு, சோலாருக்கு வைக்கும் இது வேறு, பேர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். கிரிட்டோடு, அதாவது தெரு மின்சார லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைன் போன உடனே தானும் நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உங்கள் மாடி கரண்டில் அடிபடுவார். மின்தடையிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் ரகம் வேண்டும். சேமிப்புக்காக மட்டும் பேட்டரி வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கரண்டைப் பேட்டரியில் போட்டு எடுப்பதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் போகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் கணக்கு கட்டும். அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் அது வசதிக்கான செலவு, அந்தக் கணக்கைத் தனியாகவே போடுங்கள்.

அப்புறம், உங்கள் தெருவில் ஏற்கெனவே பலர் போட்டிருக்கிறார்கள் என்றீர்கள். சோலார் அப்படித்தான் பரவும், ஒரு மாடியில் மின்னினால் அடுத்த மாடியில் வரும். கலிபோர்னியாவை வைத்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு பகுதியில் இருக்கும் பேனல்களின் எண்ணிக்கையே அங்கே அடுத்தவர் போடும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஆனால் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பலர் நண்பகலில் கரண்டைத் தள்ளினால் தெருவின் வோல்டேஜ் ஏறும். 230 வோல்ட் உள்ள ஊர்களில் 253-ஐ நெருங்கும்போது பல இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது அணைந்துவிடும். லைனின் கடைசியில் இருக்கிற வீடுதான் முதலில் அடிவாங்கும். நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் நின்று நின்று வருகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது பேனலை இல்லை, வோல்டேஜை. எதிர் வீட்டுக்காரரின் இன்வெர்ட்டர் செயலியில் நண்பகல் வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். 248, 250 என்று காட்டினால் நீங்கள் 5 கிலோவாட் போடுவது வீண் என்பதற்கு இன்னொரு காரணம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால்: பேனல் வருஷத்துக்குச் சுமார் அரை சதவீதம் தேயும், 25 வருஷத்தில் ஏறக்குறைய 88 சதவீதம் மிஞ்சும், இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இன்வெர்ட்டரை ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும், வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், கடலோரத்தில் அதற்கு முன்பே, அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். சந்தேகமானது மின்கட்டணம். விற்பவரின் தாளில் கட்டணம் வருஷா வருஷம் 5 சதவீதம் ஏறும் என்று போட்டிருக்கும். அது 25 வருஷத்தில் 3.4 மடங்கு. அப்படி ஏறலாம், ஏறாமலும் போகலாம், ஏற்றுமதி விலை மறுபடியும் குறையலாம். ஏற்றம் பூஜ்யம் என்று போட்டு, நான் மேலே சொன்ன 150 யூனிட்டை வைத்து, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். அந்த விடையிலேயே உங்களுக்குச் சம்மதம் என்றால் போடுங்கள். உங்கள் மாடியின் நிழலும் தளத்தின் பலமும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியவை, அதை இங்கிருந்து சொன்னால் ஜோசியம்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பத்து நாள், காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள், வேலைக்குப் போன நாளில் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளம்பும்போதும் வந்ததும் எழுதினாலும் பரவாயில்லை. அந்த வித்தியாசம்தான் உங்கள் பகல் செலவு. அது நாளைக்கு 3 யூனிட்டைத் தாண்டவில்லை என்றால் 2 கிலோவாட்டே உங்களுக்கு நிறைய, மிச்சப் பணத்தில் 316 போல்ட்டுகள் வாங்கிக்கொள்ளலாம். எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.